மாரியோவுக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்க தம்பி

சூப்பர் மாரியோ வீடியோ கேம் இசையை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருக்கேன் அண்ணா, கேட்டுட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க என்று காட்பாடித் தம்பி ஒருவர் அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், முதல் முயற்சி. மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி அதிலேயே வாசிக்க வைத்த ஏழரை நிமிட ஆடியோ, கூடவே எல்லா வாத்தியங்களின் சுரங்களும் எழுதிய 41 பக்க ஸ்கோர். காசு எதுவும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால், நடுவில் வரும் இரண்டு நிமிடத்துக்காகவே கட்டாயம் கேட்கலாம். முதல் இரண்டரை நிமிடம் மட்டும் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது எழும் சத்தம்.

முதல் தடவை ரயிலில் கேட்டேன், காட்பாடியில் ஏறி உட்கார்ந்ததும். அது என் தப்பு. பொன்னை ஆற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்ததில், அடிச்சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டபோதுதான், பேஸ் இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று புரிந்தது.

மூல மாரியோ இசையை எழுதிய ஜப்பான் இசையமைப்பாளர் கோஜி கோண்டோவுக்கு 1985இல் கையில் இருந்தது ஒலி எழுப்ப ஒரே ஒரு சில்லு. ஐந்து வழிகள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த சிறு ஒலித்துண்டுக்கு ஒன்று. விளையாட்டின் சத்தங்களும் இதே வழிகளில்தான் வர வேண்டும் என்பதால், மாரியோ குதித்தால் பாட்டின் ஒரு குரல் ஒதுங்கி வழிவிடும். பேஸ் வாசிக்கும் முக்கோண அலைக்கோ ஒலியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது; இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான். அதனால் சுரங்களைக் குட்டை குட்டையாக நறுக்கித்தான் துள்ளலைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடிய எங்கள் செட்டுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது, ஆனால் அந்தத் துள்ளல் உடம்புக்குத் தெரியும்.

தம்பி அந்த பேஸை செல்லோ, டபுள் பேஸ், டிராம்போன் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த சுரம் வரும்வரை இழுத்திருக்கிறார். துள்ள வேண்டிய பாட்டு மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறது.

அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் தெரிந்த ஏழு சுரம். நம் கணக்கில் க க, க, ஸ க, ப, ஒரு இடைவெளி, அப்புறம் கீழே மந்தர பஞ்சமம். அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. மேலே ஏறியவன் எங்கே விழப்போகிறான் என்று ஒரு கணம் காத்திருப்போம். இங்கே அந்த இடத்தில் டிம்பனி முரசு உருள்கிறது, மேலே சிம்பல் வேறு. தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் இடைவெளியில்லா மாரியோவையும் சேர்த்துவிடலாம்.

அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். எங்கள் ஊர்ச் சைதாப்பேட்டையில் ஒரு பேண்டு செட்டில் இருபது வருஷத்துக்கு மேல் கிளாரினெட் வாசித்தவர், மாரியோ யாரென்று அவருக்குத் தெரியாது. முதல் நிமிடம் முடிவதற்குள் கேட்டார்: "ஏன்டா, இந்தப் புல்லாங்குழல்காரன் எங்க மூச்சு வாங்குவான்?" ஸ்கோரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 26 பார், அதாவது 26 தாளக் கட்டம், ஒரு ஓய்வுக்குறிகூட இல்லை. அதே மெட்டை முதல் வயலினும் டிரம்பெட்டும் கூடவே வாசிக்கின்றன, அதுவும் முழுச் சத்தத்தில். கம்ப்யூட்டர் டிரம்பெட்டுக்கு உதடு வலிக்காது, மனுஷனுக்கு வலிக்கும். ஊர்வலத்தில் கோட்டை வாசலிலிருந்து மண்டபம்வரை வாசித்துக்கொண்டே நடக்கும்போதுகூட ஆள் மாற்றி ஆள்தான் மெட்டை எடுப்போம் என்றார் அப்பா.

சரி, இப்போது அந்த இரண்டு நிமிடம். விளையாட்டில் மாரியோ தண்ணீருக்குள் நீந்தும்போது வரும் வால்ட்ஸ், மூன்று மூன்றாக எண்ணிப் போகும் மெட்டு. திடீரென்று எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். ஹார்ப் ஒன்று மட்டும் முதல் அடியைத் தொட, வயோலாக்கள் இரண்டாவது மூன்றாவது அடிகளை மெதுவாக வைக்க, கிளாரினெட் தனியாக மெட்டைத் தொடங்குகிறது. இரண்டாவது முறை வரும்போது ஓபோ அதை வாங்கிக்கொள்ள, கிளாரினெட் கீழே இறங்கி ஒரு பதில் மெட்டு பாடுகிறது. அந்தப் பதில் கோண்டோ எழுதியதல்ல, தம்பியுடைய சொந்தச் சரக்கு. இதை எழுதியவர்தான் முதல் பகுதியையும் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா இங்கே தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

விளையாட்டின் சுரங்கத்தில் வரும் இசைப் பகுதி பரவாயில்லை. பாசூனும் விரலால் சுண்டிய செல்லோவும் மட்டும். மௌனத்தை மௌனமாகவே விட்டிருக்கிறார். முடிவுக்கு எடுத்திருக்கும் யோசனையும் நல்லது: விளையாட்டில் நேரம் 100க்குக் கீழே போனால் பாட்டு வேகம் பிடிக்குமே, அதேபோல் முதல் மெட்டைத் துரத்தித் துரத்தி முடிக்கிறார். ஆனால் மறுபடி எல்லா வாத்தியமும் ஒன்றாகப் பாய்கின்றன, ஹார்ன் உச்சியில் ஒலி கிழிகிறது. ஆடியோவின் அளவைக் குறைத்து ஏற்றியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும்.

வீடியோ கேம் பாட்டுக்கு எதுக்கு ஆர்கெஸ்ட்ரா என்று கேட்பவர்களுக்கு: 1987லேயே டோக்கியோவில் இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டின் இசையை ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றிவிட்டார். இந்த மாரியோ மெட்டை 2023இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை இதுதான். தம்பி தேர்ந்தெடுத்த மெட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் பகுதியில் பாதி வாத்தியங்களை உட்கார வைத்துவிட்டு, பேஸை நறுக்கி, அந்த டிம்பனியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினால் ரயிலில் இல்லாமல் வீட்டிலேயே முதலில் கேட்பேன்.

இன்னொன்று தம்பி, ஸ்கோரில் கிளாரினெட் பகுதி அப்படியே சி-யில் இருக்கிறது. பி பிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும், அதனால் அவ்வளவு ஏற்றி எழுத வேண்டும். நேற்று ராத்திரி அப்பா வால்ட்ஸ் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். பென்சிலால் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு படி மேலே ஏற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் இடத்துக்குப் புது ரீடு வாங்க வேண்டுமாம், பழையது விரிசல் விட்டுவிட்டது.