கேம்பர்வேன் கட்டக் கொடுக்கப் போறவங்க கவனத்துக்கு: 6,40,000 ரூபாய் போச்சு

ஆறு லட்சத்து நாப்பதாயிரம் ரூபாய். டெலிவரி வேனை வீடா மாத்தித் தர்றோம்னு சொன்ன ஒரு பட்டறைக்குப் போன பணம். வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கோம், அதனால பேர் போடலை. கரூர், நாமக்கல் பக்கம் வருஷக்கணக்கா பாடி கட்டுறவங்களை இதோட சேர்த்துடாதீங்க. இது ரீல் போட்டு ஆள் பிடிக்கிற வகை. ரோட்டோரம் பெரிய ஷெட், வாசல்ல மினுமினுக்கிற ஒரு டெமோ வேன், உள்ள ரெண்டு ஆசாரி, வந்து போற ஒரு எலக்ட்ரீஷியன். பட்டறையை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

வேன்லயே குடியிருக்கிறதுக்கு என்ன ஆகும்னு எல்லாரும் டீசலைத்தான் கணக்குப் போடுறாங்க. டிராவலர் சைஸ் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும். மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடினா 150 லிட்டர், லிட்டர் 93ன்னு வச்சாலும் 14,000. சாப்பாடு, டோல், 5 கிலோ சிலிண்டர், பார்க்கிங், ரெண்டு பேர் நெட், சர்வீஸுக்கு ஒதுக்கி வைக்கிறது எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு மாசம் 35,000ல நிக்கும். ஆனா அந்தக் கணக்கு ராத்திரி வேன்லயே தூங்கினாத்தான். பேட்டரி படுத்துதா, ஃபேன் நின்னு போச்சா, மே மாசத்துல தகர டப்பாக்குள்ள யாராலயும் படுக்க முடியாது. லாட்ஜ் ஒரு ராத்திரிக்கு 1,500. மாசம் பத்து ராத்திரி லாட்ஜ்ல போனா டீசல் செலவையே தாண்டிடும். பேட்டரி, கேபிள், ஆர்.சி. இந்த மூணும்தான் மாசச் செலவைத் தீர்மானிக்குது. இந்தப் பட்டறை கைவச்சதும் சரியா அந்த மூணுலதான்.

நம்பிக்கை எங்க விழுந்துச்சுன்னு சொல்லணும். டெமோ வேன்ல ஏசியைப் போட்டு, இண்டக்‌ஷன் அடுப்புல பால் காய்ச்சி டீ கொடுத்தார் ஓனர். "எல்லாமே பேட்டரிதான் அண்ணா, ராத்திரி முழுக்க ஏசி ஓடும்." அது கூடப் பரவாயில்லை. போனை எடுத்து ஒரு ஆர்.சி. போட்டோ காட்டினார். வாகன வகைங்கிற இடத்துல கேம்பர் வேன்னு தெளிவா அச்சாகி இருந்துச்சு. "கவலையே படாதீங்க அண்ணா, ஆர்.டி.ஓ. வேலை முழுக்க நம்ம பொறுப்பு, அக்கா பேர்லயே மாத்திக் கொடுத்துடுறேன்." கேஷ் வேணாம், பேங்க்லயே போடுங்கன்னும் சொன்னார். 2,00,000 புக்கிங். 3,00,000 பேட்டரி, சோலார், ஏசி வாங்க. 1,40,000 ஆர்.சி. வேலைக்கும் ஃபினிஷிங்குக்கும். மொத்தம் 6,40,000. அந்த போட்டோவுல இருந்தது கம்பெனியிலயே மோட்டார் காரவானா (உள்ளயே தங்குற வண்டியா) அனுமதி வாங்கி வந்த வண்டி. இவங்க கை அதுல படவே இல்லை.

பேட்டரியைப் பார்ப்போம். வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன்ல 12.8 வோல்ட், 280 ஆம்பியர் அவர் (பேட்டரி எவ்வளவு கரண்ட் தேக்கும்ங்கிற அளவு), லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 280 ஆம்பியர் அவர்னா பெரிய செங்கல் மாதிரி நாலு செல் சீரீஸ்ல இருக்கும், ஒவ்வொண்ணும் 5.3 கிலோவுக்குக் குறையாது. செல் மட்டுமே 21 கிலோ. பி.எம்.எஸ். (செல்களைக் காவல் காக்கிற சர்க்யூட்), பஸ்பார் (செல்களை இணைக்கிற உலோகப் பட்டை), பெட்டி சேர்த்தா 25 பக்கம் வரணும். வந்த பெட்டி தராசுல 15.6 கிலோ. ரிவெட் அடிச்சு, திறந்தா வாரண்டி போச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. ரிவெட்டைத் துளைச்சு மூடியைத் தூக்கினா 32700 உருளை செல் 96, வரிசைக்கு இருபத்து நாலு பேரலலா, அப்படி நாலு வரிசை சீரீஸ்ல. ஒரு செல் 6 ஆம்பியர் அவர், அப்போ புதுசா இருந்தாலே 144தான். செல் முனையில பழைய வெல்டிங்கைப் பிய்ச்சு எடுத்த தழும்பு, அதுக்கு மேலேயே புது நிக்கல் பட்டை. ஏதோ ஒரு பழைய பேக்கைப் பிரிச்ச செல்.

வீட்லயே சோதிக்கலாம், பெரிய மிஷின் ஒண்ணும் வேணாம். 14.4 வோல்ட் வரைக்கும் ஃபுல் சார்ஜ் ஏத்தி ஒரு மணி நேரம் விடுங்க. ஷன்ட் வச்ச மீட்டர் (எவ்வளவு கரண்ட் போச்சுன்னு கூட்டிக் காட்டும்) ஒண்ணு மாட்டி, 12 வோல்ட் 60 வாட் ஹெட்லைட் பல்பு அஞ்சு பேரலலா கொடுங்க. 25 ஆம்பியர் இழுக்கும். 280 நிஜமா இருந்தா 11 மணி நேரம் எரியணும். இது அஞ்சு மணி நேரம் ஆகுறதுக்குள்ள பி.எம்.எஸ். கட் ஆகி அணைஞ்சது, மீட்டர்ல 118 ஆம்பியர் அவர். காசு கொடுத்தது 3,584 வாட் அவருக்கு, கைக்கு வந்தது 1,510. ராத்திரி முழுக்க ஏசிங்கிறதே பொய்க் கணக்கு: கூரை ஏசி சராசரியா 700 வாட் இழுத்தா, சொன்ன பேட்டரியே முழுசா இருந்தாலும் 5 மணி நேரம்தான். இது ரெண்டு மணி நேரம்.

அடுத்தது கேபிள். பேட்டரியை விட இதுதான் பயமுறுத்துது. இண்டக்‌ஷனை 1,600 வாட்ல வச்சா, இன்வெர்ட்டர் நஷ்டமும் சேர்த்து பேட்டரியில இருந்து 140 ஆம்பியர் இழுக்கும். பட்டறை போட்டது பார்வைக்குத் தடிமனா 35 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள். லக் (கேபிள் முனையில அடிக்கிற உலோக வளையம்) பக்கத்துல உறையை உரிச்சா ரப்பர்தான் கனம், உள்ள கம்பி 16 ஸ்கொயர். பிளேடால சுரண்டினா செம்பு நிறம் போய் வெள்ளையா பளபளக்குது. அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. போக வர 7 மீட்டர். சுத்தச் செம்பா இருந்திருந்தாலே 1.1 வோல்ட் கேபிள்லயே விழும், 150 வாட்டுக்கு மேல சூடா போகும். இதுல ஒன்றரை வோல்ட்டுக்கு மேல. அதனாலதான் பேட்டரி நிறைஞ்சிருக்கும்போதே அடுப்பைப் போட்ட ஒரு நிமிஷத்துல இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு கத்தும். லக் மேல போட்ட ஹீட் ஷ்ரிங்க் உறை உருகி, பக்கத்து ப்ளைவுட் பழுப்பா கருகியிருக்கு. அதுக்கு மேல கட்டில். 12 வோல்ட்டுக்கு 70 ஸ்கொயர் செம்பு போடணும், இல்லைன்னா முதல்லயே 24 வோல்ட்டா கட்டணும். ஃபியூஸ் பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே இருக்கணும். இவங்க வச்சது வீட்டு மெயின் போர்டுல ஏ.சி. கரண்டுக்குப் போடுற எம்.சி.பி. (ட்ரிப் ஸ்விட்ச்). பேட்டரியோட டிசி கரண்ட்ல வர்ற ஆர்க்கை (தீப்பொறியை) அது அணைக்காது, ஷார்ட் ஆனா உள்ளேயே எரியும்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஏறுறதுக்கு 40 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர்னு கொட்டேஷன். பானட்டைத் திறந்தா கரண்டைக் கட்டுப்படுத்தாத சாதாரண ரிலே ஒண்ணு. லித்தியம் பேட்டரிக்கு உள் ரெசிஸ்டன்ஸ் கம்மி, கொடுக்குற அளவுக்கு இழுத்துக்கிட்டே இருக்கும். வண்டி மெதுவா நகரும்போது ஆல்டர்னேட்டர் (என்ஜின்ல கரண்ட் எடுக்கிற டைனமோ) சூடாகி வைண்டிங் போகும், அது தனிச் செலவு.

கூரைக்கு வெயில் தடுக்க 19 எம்.எம். நைட்ரைல் ரப்பர்னு சொல்லிட்டு டிவி பெட்டிக்குள்ள வர்ற மாதிரி ஃபோம் ஷீட் ஒட்டியிருக்காங்க. 710 கிரேடு (தண்ணி தாங்குற) ப்ளைன்னு சொன்னது சிங்க்குக்குக் கீழ இப்பவே அடுக்கடுக்கா விரியுது. இதையெல்லாம் நீட்டி எழுதக் கோபம் வருது, விடுங்க.

ஆர்.சி.தான் பெரிய அடி. எம்பரிவாகன்ல (அரசோட வாகன ஆப்) வண்டி நம்பரைப் போட்டா இன்னைக்கும் சரக்கு வாகனம்னுதான் வருது, மஞ்சள் போர்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதைக் கறாரா சொல்லிடுச்சு. மோட்டார் காரவானுக்குன்னே ஏ.ஐ.எஸ். 124ன்னு தரம் இருக்கு, புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி சோதனை நிறுவனத்துல பாஸாகணும். அந்தச் சான்றிதழ் நம்பரைக் கேட்டதுக்கு இவங்க கொடுத்தது சொந்த லெட்டர்பேடுல அடிச்ச ஒரு கடிதம். சரக்கு வண்டிக்குள்ள கட்டில் போட்டுப் படுத்தா செக்போஸ்ட்ல மாட்டுறது ஒரு பக்கம், விபத்து ஆனா இன்ஷூரன்ஸ்காரன் கைவிரிக்க அது ஒண்ணே போதும். டோல் வருஷ பாஸும் கிடையாது. 2025 ஆகஸ்ட் 15ல 3,000 ரூபாய்க்கு 200 தடவைன்னு வந்த அந்த பாஸ் வணிக வண்டிக்குக் கிடைக்காது. எஃப்.சி. செலவு தனியா தொடரும்.

இனி அவங்க பதில்கள். "லித்தியம் செட்டாக ஒரு மாசம் ஆகும் அண்ணா." (ஆகாது. முதல் நாளே முழுக் கொள்ளளவு கொடுக்கணும்.) "வெயிலுக்கு அப்படித்தான் காட்டும்." "டெக்னீஷியன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார், வந்ததும் அனுப்புறேன்." "நீங்க பெட்டியைத் திறந்துட்டீங்களே, இனி வாரண்டி வராதே." திறக்காம எப்படித் தெரியும்? ஆர்.சி. கேட்டா ஏஜெண்ட் நம்பர், ஏஜெண்ட்டைக் கேட்டா ஓனர் நம்பர். எல்லாத்துக்கும் மேல ஒரு வார்த்தை: "வண்டியை இங்க கொண்டு வாங்க அண்ணா, பார்த்துக்கலாம்." ஊர் ஊரா இருக்கிறவங்களுக்கு இதுதான் பொறி. 600 கிலோமீட்டர் திரும்பி வரணும்னா 60 லிட்டர், 5,600 ரூபாய், வந்தா ஷெட்ல ஓனர் இல்லை. வேன்ல குடியிருக்கிறவன் ஒரே இடத்துல நின்னு சண்டை போட மாட்டான்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். இப்ப போனே எடுக்கிறதில்லை. ரீல் மட்டும் தினமும் வருது, அதே டெமோ வேன், அதே டீ. அந்த வேனோட பின் டயருக்குப் பின்னாடி ஆரஞ்சு கேபிள் ஒண்ணு ஷெட்டுக்குள்ள போகுது, புது ரீல்ல நிறுத்திப் பார்த்தா தெரியும். பேட்டரில ஓடுற ஏசியாம்.

6,40,000. மாசம் 35,000ன்னா ஒன்றரை வருஷம் ரோட்டுல வாழுற காசு. பிரிச்சுப் பார்த்ததுல தேறினது ரெண்டு சோலார் பேனல்.

பில்லுல என்ன இருக்கு தெரியுமா? "கன்வெர்ஷன் வேலை, 1 லாட்." பேட்டரி பேச்செல்லாம் வாட்ஸ்அப்ல வந்த கொட்டேஷன்ல மட்டும். வக்கீல் முதல்ல கேட்டதே அதைத்தான். நல்ல வேளை, சாட் அழியலை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்தாச்சு. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், பட்டறை இருக்கிற ஊர்லதான்னு இல்லாம நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. வேன்லயே இருக்கிறவங்க ஆதார்ல ஒரு நிலையான முகவரியைக் காப்பாத்தி வைங்க, அது இதுக்குத்தான் உதவும்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியலை, நோட்டீஸ் வேலை இருக்கு. அவசரத்துக்கு இவ்வளவு:

பேட்டரியைப் பொருத்துறதுக்கு முன்னாடி தராசுல வைங்க. 280ன்னா 21 கிலோவுக்குக் கீழ இருந்தா அங்கேயே நிறுத்துங்க.

கேபிள்ல ஒரு அங்குலம் வெட்டித் தரச் சொல்லிச் சுரண்டிப் பாருங்க.

பில்லுல ஒவ்வொரு பொருளும் அளவோட, மாடலோட தனித்தனி வரியா இருக்கணும். லாட்னு எழுதினா பணம் கொடுக்காதீங்க.

ஆர்.சி. வேலைக்கு அட்வான்ஸே கிடையாது. எம்பரிவாகன்ல வகை மாறினதைப் பார்த்த பிறகு கடைசித் தவணை.

டெமோ காட்டினா குனிஞ்சு வண்டிக்குக் கீழ பாருங்க.

உங்களுக்கும் இதே மாதிரி ஷெட்ல போயிருந்தா பில்லோட இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்து போடலாம்.