கமலாபுரத்தில் பை சோதனை: உண்மையில் நம்மைக் காப்பது எது?

ஊருக்கு வந்து திரும்பும் சேலத்துக்காரர்கள் சென்னைக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்துக்கு விமானம் மறுபடி வரத் தொடங்கியது. ஏடிஆர் 72 சின்ன விமானம்தான், கூட்டமும் அதற்கேற்ற அளவுதான். இங்கே கைப்பையைத் திறக்கச் சொன்னால், பெரும்பாலும் காரணம் நம் ஊர்ச் சாமானாக இருக்கும்.

எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகத் தெரியும். சாப்பாட்டுப் பொருள், துணி, காகிதம் எல்லாம் ஆரஞ்சு. பல வெடிமருந்துகளும் அதே ஆரஞ்சுதான், சிக்கலே அங்கேதான். ஒரு கிலோ ஏற்காடு காபித்தூள், மேலே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, பக்கத்தில் சுருட்டிய சார்ஜர் ஒயர். திரையில் இது அடர்ந்த ஆரஞ்சுக் கட்டி, மேலே நீலக் கம்பிகள். பார்க்கிறவர் நிறுத்தாமல் விட்டால்தான் தப்பு. தூளும் ஜவ்வரிசியும் கவுண்டரில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கொலுசு தனி டப்பாவில் கையோடு இருக்கட்டும். அமெரிக்கா போகிறவர்கள் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் தூள் வைக்காதீர்கள். நெய், ஊறுகாய் இரண்டும் திரவக் கணக்கு. சர்வதேச விமானத்தில் கைப்பைக்கு 100 மில்லிதான். கொப்பரையை எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் என்று 2022-ல் ஒப்படைக்கும் பெட்டிக்கான தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

சரி, இந்தச் சோதனையால் பாதுகாப்பு வருகிறதா? ஓரளவுக்கு வருகிறது. நாம் நடந்து கடக்கும் மெட்டல் டிடெக்டர் வாசல் உலோகத்தை மட்டுமே காட்டும். 2015-ல் அமெரிக்க அதிகாரிகளே பயணிகள் போல ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். 70 முறையில் 67 முறை தடைசெய்த பொருள் பிடிபடாமல் உள்ளே போனது. துப்பாக்கியோடு துணிந்து வருபவனைத் தயங்க வைக்கும் என்பதால் வாசல் வேண்டும்தான். அதை மட்டும் நம்ப முடியாது.

நம் உயிரைக் காக்கும் ஏற்பாடு கண்ணில் படுவதில்லை. 1984 ஆகஸ்டில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்தது, விமானம் ஏறாமல் போனவன் ஒப்படைத்த பெட்டி. அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு வெடித்து 329 பேர் செத்தார்கள். அங்கேயும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை; டொராண்டோவில் எக்ஸ்ரே கருவியும் பழுதாகிக் கிடந்தது. ஆள் வராவிட்டால் அவர் பெட்டியைத் தேடி இறக்கும் கண்டிப்பு இப்படி வந்ததுதான். அதற்காக விமானம் தாமதமானால் முணுமுணுக்காதீர்கள், எக்ஸ்ரேயை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. 2001-க்குப் பிறகு வந்த பலமான விமானி அறைக் கதவும் அப்படித்தான்.

இன்றைக்கு நம் பையிலேயே இருக்கும் ஆபத்து பவர்பேங்க். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-மணி வரை போகலாம். அளவு அச்சு அழிந்திருந்தால் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையின் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், லித்தியம் செல்லுக்குள் ஓடும் வெப்பத்தை நிறுத்தாது. கேபினில் புகைந்தால் யாராவது பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். ஆகவே மேல் தட்டில் வைக்காமல் காலடிப் பையில் வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பியதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.