60 நாள் விசா என்று காசு வாங்கி 30 நாள் விசாவைக் கொடுத்தார்கள்: துபாய், சார்ஜாவுக்கு அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்

கேரள எல்லையில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது வளைகுடாவில் இருப்பார்கள். பிரசவம் பார்க்க, பேரக் குழந்தையை வைத்துக்கொள்ள என்று அம்மாக்கள் விசிட் விசாவில் போய் வருவதும் சகஜம். அப்படி விசா போட்டுத்தரும் ஒரு டிராவல்ஸ்காரரிடம் நாங்கள் பட்டதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயர் வேண்டாம். பெயரை விட அந்த ஆள் செய்த வேலை என்ன என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

தங்கச்சி சார்ஜாவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மா முன்கூட்டியே போய், குழந்தை பிறந்து ஒரு மாதமாவது கூட இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. கடையில் 60 நாள் விசாவுக்கு உண்டான பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதிலும் 60 என்று எழுதிக் கொடுத்தார்கள். விசா வந்ததும் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் எடுத்து, அதில் ஒரு தேதிக்குக் கீழே பச்சைப் பேனாவால் கோடு போட்டு, "இது வரைக்கும் செல்லும்ணா, ரெண்டு மாசம் முழுசா இருக்கு" என்றார்.

அவர் கோடு போட்டது, நாட்டுக்குள் நுழைவதற்கான கெடு தேதியில்.

அமீரக டூரிஸ்ட் விசாவில் இரண்டு கணக்கு உண்டு. விசா கையில் கிடைத்த பிறகு எத்தனை நாளுக்குள் உள்ளே போக வேண்டும் என்பது ஒன்று. அது 60 நாள். போய் இறங்கிய நாளிலிருந்து எவ்வளவு நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. அது விசாவைப் பொறுத்து 30 அல்லது 60. 30 நாள் விசாத் தாளிலும் நுழைவுக் கெடு இரண்டு மாதம் தள்ளித்தான் இருக்கும். அதைக் காட்டி 60 நாள் விசா என்று நம்பவைப்பது சுலபம். விலை வித்தியாசம் கடைக்காரர் பைக்குப் போய்விடும்.

அம்மா சார்ஜா போய்ச் சேர்ந்த பிறகு, திரும்பும் டிக்கெட் தேதியை ஒத்துப்பார்க்க மாப்பிள்ளை விசா எண்ணைப் போட்டுத் தேடியபோதுதான் அது 30 நாள் விசா என்ற விஷயம் வெளியே வந்தது. தங்கச்சிக்கு அப்போது வலிகூட எடுக்கவில்லை. கடைக்குப் போன் செய்தால், "சிஸ்டத்துல மாறிப்போச்சு, உள்ள இருந்தே 30 நாள் நீட்டிக்கலாம், அதுக்குத் தனியா பணம் அனுப்புங்க" என்றார். அனுப்பினோம்.

இங்கேதான் பிடி இருக்கிறது. ஏஜென்சி மூலமாகப் போட்ட விசாவுக்கு அந்த ஏஜென்சிதான் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பாளர். நீட்டிப்புக்கும் அவர்கள்தான் விண்ணப்பம் போட வேண்டும். மாப்பிள்ளை அங்கே விசா விண்ணப்பம் போட்டுத்தரும் டைப்பிங் சென்டருக்கு நேரில் போயும், "ஸ்பான்சரைப் போடச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் இருக்கும் கடைக்காரரோ துபாயில் உள்ள இன்னொரு ஏஜென்சியைக் கை காட்டினார். அவர்களுக்கு நாங்கள் யாரென்றே தெரியாது.

நாள் நெருங்க நெருங்க, "முடிஞ்சாலும் பத்து நாள் கிரேஸ் இருக்குண்ணா, பயப்படாதீங்க" என்றார். துபாய் விசிட் விசாவுக்கு ஒரு காலத்தில், விசா முடிந்தும் அபராதமில்லாமல் பத்து நாள் தங்கும் அந்தச் சலுகை இருந்தது உண்மைதான். 2023இல் எடுத்துவிட்டார்கள். இப்போது விசா முடிந்துவிட்டால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். நம் காசில் ஆயிரத்து நூறுக்கு மேல். அபராதம் ஏற ஆரம்பித்த பிறகு அவர் சொன்ன அடுத்த யோசனை 'ஏ டூ ஏ'. அதாவது பக்கத்து நாட்டு விமான நிலையம் வரை பறந்து போய், புது விசாவில் அன்றைக்கே திரும்பி வருவது. முட்டி வலியோடு மாடிப்படி ஏறவே கஷ்டப்படும் அம்மாவுக்கு! அதுவும் இன்னொரு பேக்கேஜ் பணத்துக்கு.

முடியாது என்று சொன்னதும் பேச்சு மாறியது. தாமதித்தால் துபாய் ஏஜென்சி அம்மா மேல் 'அப்ஸ்கான்டிங்' புகார், அதாவது தலைமறைவாகிவிட்டார் என்ற புகார், கொடுத்துவிடும், அப்புறம் அங்கே கால் வைக்கவே முடியாது என்று மிரட்டல். காசு வாங்கும்போது வாய் நிறையத் தமிழ் பேசியவர், திருப்பிக் கேட்டபோது முழு மலையாளத்துக்குப் போய்விட்டார். எல்லைக்காரர்களான நமக்கா மலையாளம் புரியாது? அபராதத்தைக் கட்டி அம்மாவைக் கோயம்புத்தூருக்கு ஏற்றிவிட்டோம். குழந்தைக்குத் தொட்டில் போடுவதற்குள் பாட்டி வீடு வந்துவிட்டாள்.

விசா வந்தவுடன் அந்தப் பச்சைக் கோட்டை நம்பாமல் தங்கும் நாள் எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பிடிஎஃப் கோப்பையே வாட்ஸப்பில் கேட்டு வாங்குங்கள், பிரின்ட் போதாது. கோப்பு எண் 201 என்று தொடங்கினால் துபாயில் எடுத்த விசா. அதை ஜிடிஆர்எஃப்ஏ (துபாய் குடியேற்றத் துறை) தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சார்ஜா உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகள் என்றால் ஐசிபி (அமீரக மத்திய அரசின் குடியேற்றத் துறை) தளம்.

அங்கே வேலையில் இருக்கும் பிள்ளையோ மருமகனோ இருந்தால், ஏஜென்சி பக்கமே போகாமல் அவர்கள் பெயரிலேயே உறவினர் விசிட் விசா எடுப்பது மேல். 30, 60, 90 நாள் என்று கிடைக்கும். உறவைப் பொறுத்துச் சம்பள வரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பான்சர் நம் வீட்டு ஆள் என்றால் நீட்டிக்க யார் காலையும் பிடிக்க வேண்டாம். அடிக்கடி போய் வருகிற பெற்றோருக்கு ஐந்து வருட மல்டிபிள் என்ட்ரி விசாவும் இருக்கிறது. அதற்கு ஸ்பான்சரே தேவையில்லை. ஒரு தடவைக்கு 90 நாள் தங்கலாம். ஆனால் ஆறு மாத வங்கிக் கணக்கில் 4,000 டாலர் இருப்பு காட்ட வேண்டும். நம்மில் எத்தனை பேரால் முடியும் என்பது வேறு.

பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். 60 என்று எழுதிய அந்த ரசீதும், பச்சைக் கோடு போட்ட தாளும், பணம் அனுப்பிய ஜிபே விவரமும் மனுவோடு இருக்கின்றன. நோட்டீஸ் போன பிறகு கடைக்காரர் மறுபடியும் தமிழில் போன் செய்தார். நீட்டிப்புக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பித் தருகிறாராம், மனுவை வாபஸ் வாங்க வேண்டுமாம். அபராதத்தையும் விசா விலை வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.