ஆன்லைன் ‘லெதர் கட்டிங் செட்’: பார்சல் வந்ததும் ஸ்கேலை எடை போடுங்கள்

ஸ்கேல், ஸ்ட்ராப் கட்டர் (தோலை ஒரே அகலப் பட்டைகளாக வெட்டும் கருவி), கட்டர் கத்தி, அடியில் விரிக்கும் மேட் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த செட்டில் நேர்க்கோடு வெட்ட உருப்படியான சாமான் ஒன்றுகூட இல்லை. கேட்டால், “பிளேடை யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது” என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். தொழில் பழகுகிறவர்கள் இதை வாங்கினால், கோடு கோணும்போது தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் போட்டது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்கேல், வந்தது அலுமினியம். காந்தம் ஒட்டவில்லையே என்றால், ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டாது என்கிறார்கள். சில ரகங்களில் ஒட்டாது என்பது உண்மைதான். அதனால் காந்தத்தை நம்பாமல் தராசில் வையுங்கள். 60 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 மி.மீ. கனம் உள்ள ஸ்டீல் ஸ்கேல் ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். அதே அளவு அலுமினியம் 50 கிராம்கூடத் தேறாது. கத்தி அலுமினிய விளிம்பைச் சீவிவிடும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிற அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் அடுத்த தடவை பிளேடு இறங்கும், கோடு அங்கேயே வளையும்.

நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுங்கள். ஸ்கேலைக் குப்புறப் புரட்டி, அதே விளிம்பை அதே புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. நடுவில் இடைவெளி தெரிந்தால், அதில் பாதி ஸ்கேலின் கோணல்.

ஸ்ட்ராப் கட்டரில் திருகை எவ்வளவு இறுக்கினாலும், பட்டையின் அகலத்தை நிறுத்தும் அளவுச் சட்டம் ஆடியது. பெல்ட் பட்டை 38 மி.மீ.யில் தொடங்கி முடிவில் 36 ஆகிவிடும். பிளேடு உட்காரும் பள்ளமும் சாய்ந்திருந்தால் கருவி தோல் விளிம்பை விட்டு விலகும், இல்லையென்றால் நடுவில் சிக்கும். பிளேடைப் போடாமலே சட்டத்தை இறுக்கி ஆட்டிப் பாருங்கள். ரிட்டர்னுக்கு அவர்கள் சாக்குச் சொல்ல இடமிருக்காது. இன்னொன்று: இந்தக் கருவி தோலின் விளிம்பைப் பின்பற்றித்தான் போகும். முதல் விளிம்பு வளைந்தால் அடுத்தடுத்த பட்டைகளும் வளையும். ஸ்கேல் விஷயத்தில் இவ்வளவு சொல்வது அதனால்தான்.

கத்தியில் இருந்தது 9 மி.மீ. அகல பிளேடு, மழுங்கிய நுனியை ஒடித்துப் போடும் ரகம். 3 மி.மீ. கனமுள்ள வெஜ் டேன் (தாவரப் பொருளால் பதனிட்ட) தோலில் அது வளைந்து, மேலே நேராகவும் அடியில் சரிவாகவும் வெட்டும். 18 மி.மீ. பிளேடு தனியாக வாங்குங்கள், நுனியை மட்டும் வெளியே நீட்டுங்கள். ஸ்கேலின் அடியில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டினால் வழுக்காது, ஆனால் சொரசொரப்பு மென்மையான தோலில் தடம் பதிக்கும். அதற்கு ரப்பர் நல்லது. தேவையான துண்டின் மேல் ஸ்கேல் இருக்கட்டும்; கத்தி நழுவினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். முதல் ஓட்டம் கோடு கீறுகிற அளவுக்கு லேசாக, பிறகு இரண்டு மூன்று ஓட்டத்தில் அறுத்து எடுங்கள். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்த்தால் தோல் இழுபடும், வயிற்றுப் பகுதித் தோல் இன்னும் மோசம்.

விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பார்சல் பிரிப்பதையும் ஸ்கேல் தராசில் இருப்பதையும் படம் பிடியுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.