கிளாஸ் 2 கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்: அளவெடுக்காமல் வாங்காதீர்கள்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண்ணாகும் நோய். வயிற்று நோய்க்காரனுக்குக் காலை இறுக்கிப் பிடிக்கும் இந்த அழுத்தக் காலுறை எதற்கு என்று மெடிக்கல் ஷாப்காரரே கேட்டார். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நோய் முற்றும் நேரத்தில் இன்னும் கூடுதல். பேதியில் உடம்பு வற்றி, படுத்தே கிடந்து, ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு இடது கெண்டைக்காலில் உறைவு வந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது. "மலத்தில் ரத்தம் போகிறவனுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியா?" என்று அம்மா டாக்டரிடம் சண்டைக்கே போனார். ஹெப்பாரின் வகை ஊசிதான் என்னைக் காப்பாற்றியது.

சரி, காலுறைக்கு வருகிறேன். முட்டிக்குக் கீழ் வரும் மாடல், விரல் திறந்தது, அழுத்தம் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம் (அதுதான் கிளாஸ் 2). கடையில் என் காலைப் பார்த்துவிட்டே 'எல்' சைஸை நீட்டினார்கள். அது கணுக்காலில் தொளதொளவென்று நின்றது, மேல் பட்டி சுருண்டு முட்டிக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்கியது. அப்படிச் சுருண்டால் ரத்தம் மேலேறாமல் தடைபடும், போடாமலிருப்பதே மேல். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன், கணுக்காலின் மிக ஒல்லியான இடத்தையும் கெண்டையின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து போனேன். 'எம்' கச்சிதம்.

சாயங்காலம் காலில் இருந்த அந்தக் கனம் நன்றாகவே குறைந்திருக்கிறது. பேண்ட்டுக்குள் வெளியே தெரியவில்லை. சித்திரை வெயிலில் மட்டும் நரகம். பெட்டியோடு வரும் வழுவழுப்பான துணிப்பையைப் பாதத்தில் மாட்டி அதன்மேல் இழுத்தால் சுலபமாக ஏறும், அப்புறம் விரல் வழியாகப் பையை உருவிவிடலாம். தேங்காய் எண்ணெய் தடவிய காலில் போடாதீர்கள், எலாஸ்டிக் போய்விடும். கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். காலில் ரத்த ஓட்டம் குறைவான சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெட்டியில் 'ரத்த உறைவுக்கு முழுத் தீர்வு' என்று அச்சடித்திருப்பதுதான் எரிச்சல். 2014இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இரண்டு வருடம் அழுத்தக் காலுறை போட்டவர்களுக்கும் அழுத்தமில்லாத உறை போட்டவர்களுக்கும் காலில் ரத்தம் உறைந்த பிறகு வரும் நீடித்த வலி, வீக்கக் கோளாறில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. இது வீக்கத்துக்குச் சுகம் தரும் சாமான், அவ்வளவுதான். இதை நம்பி ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தினால், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த வாசகத்தை எடுத்தால் நாலு கொடுப்பேன்.