கேள்வித்தாளா, நேரில் நின்று பார்ப்பதா? மதுரையில் சுற்றுச்சூழல் உளவியல் ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு

சமூக உளவியலும் சுற்றுச்சூழலும் சந்திக்கிற இடத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, டேட்டா எங்கிருந்து வரும் என்பதை. மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கலாம். அல்லது அவர்கள் நடந்துகொள்வதை நேரில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். மதுரையில் காய்கறி வாங்க வருகிறவர்கள் பை கொண்டுவருகிறார்களா என்பது என் ஆய்வு. நான் இரண்டாவது வழியை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கேள்வித்தாளின் வசதிகள் தெரிந்தவைதான். கூகுள் ஃபார்மில் போட்டால் பதில்கள் சீக்கிரம் குவியும். டன்லப், வான் லியர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் உருவாக்கி, 2000-இல் 15 கூற்றுகளாகத் திருத்தப்பட்ட சூழலியல் மனப்பான்மை அளவுகோல் போலத் தயாராக உள்ள கருவிகளும் உண்டு. கைடுகளுக்கும் பழகிய முறை. சரி, அதோடு விடலாம்.

சரியான பதில் எது என்று ஊருக்கே தெரிந்த விஷயத்தில் கேள்வித்தாள் கைகொடுப்பதில்லை. என் முடிவுக்கு இந்த ஒன்றுதான் காரணம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. இதற்கெல்லாம் பிறகு ஓர் அம்மாவிடம் போய், “கடைக்குப் பை எடுத்துட்டுப் போவீங்களா?” என்று கேட்டால், “கண்டிப்பா தாயி” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் பை இருக்கிறது, பல நாள் எடுத்துப் போகவும் செய்கிறார். படிக்கிற பிள்ளை கேட்கிறதே, நல்ல பதிலாகச் சொல்வோம் என்ற அன்பும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஐந்துக்கு ஐந்து என்று நாம் குறித்துக்கொள்வோம். எது நல்லது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு மேல் அந்த ஐந்தில் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தெடுக்கவே முடியாது.

சொல்வதும் செய்வதும் ஒத்துப்போகாதது பழைய சிக்கல். அமெரிக்காவில் சீனர்கள் மீது வெறுப்பு கடுமையாக இருந்த காலத்தில், சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர் ஒரு சீனத் தம்பதியுடன் நாடு முழுக்கப் பயணம் செய்தார். போன 251 விடுதி, உணவகங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934-இல் வெளியான ஆய்வு இது. சுற்றுச்சூழல் நடத்தை பற்றி 2014-இல் கார்மோஸும் கிஃபர்டும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே கிடைத்த சராசரி ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.46. அதை வர்க்கப்படுத்தினால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது சுமார் 21 சதவீதம் மட்டும். மீதி 79 சதவீதத்தைக் கோட்டைவிட்டுவிட்டு, மக்கள் நடத்தையை ஆராய்ந்தேன் என்று தீசிஸ் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நின்று பார்க்கும்போது இடத்தின் பிடியும் தெரிகிறது. மாநிலத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறக்கப்பட்டது நம் அண்ணா நகரில்தான். அங்கே வயர் கூடையோடு வருகிற ஒருவரே, மாலையில் தெருமுனைக் கடையில் மல்லிகைப் பூவையும் தோசை மாவையும் கேரி பேக்கில் வாங்கிப் போவார். ‘நீங்கள் எப்படி?’ என்று கேட்கும் கேள்வித்தாள் இந்த இரண்டு ஆட்களையும் ஒருவராகக் கலந்துவிடும். உளவியலாளர் ரோஜர் பார்க்கர் 1947-இல் அமெரிக்காவில் கான்சாஸின் ஒரு சிற்றூரில் கள நிலையம் அமைத்து, அன்றாட வாழ்வை அப்படியே கவனித்துச் சொன்னதும் இதைத்தான். ஆள் யார் என்பதைவிட எந்த இடத்தில் இருக்கிறார் என்பது பல நேரம் நடத்தையை முன்கூட்டிக் காட்டும்.

சிரமங்கள் உண்டு. நோட்டும் பேனாவுமாக நின்றால் மாநகராட்சி ஆள் என்று நினைத்துக் கேரி பேக் கட்டு உள்ளே போய்விடும். அதனால் செல்போனில் குறித்துக்கொள்வது மேல். எது ‘பை’ என்பதை முன்பே வரையறுக்க வேண்டும். பை இருந்தும் கறிவேப்பிலையைத் தனிக் கவரில் வாங்குகிறவர் எந்தக் கணக்கு? துணி போலத் தெரியும் நான்-வோவன் பை உண்மையில் பாலிபுரோப்பிலீன். தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது, தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, ஒத்துப்போகிறதா என்று கோஹன் கப்பா (இருவர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) போட்டுப் பார்க்காமல் டேட்டாவை நம்பாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மக்கள் நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலையோடு அவர்களுக்குள்ள பற்றை ஆராய வேண்டுமானால் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். நான் அப்படி ஓர் ஊரில் வேலை செய்ததில்லை, அதனால் எப்படிப் பேசுவது என்று யோசனை சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் நடக்கும் தண்ணீர்ச் செலவு போன்றவற்றுக்கும் என் அனுபவம் பொருந்துமா என்பது சந்தேகமே.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றால் ஒரு செமஸ்டர்தான், கேள்வித்தாளே போதும். பிஎச்.டி.க்கு யு.ஜி.சி. 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு இருக்கிறது. மழைக்காலம், கல்யாண மாதம் எல்லாவற்றிலும் நின்று பார்க்க அவகாசம் உண்டு. சித்திரைத் திருவிழா நாட்களின் கணக்கை மட்டும் தனி ஷீட்டில் வையுங்கள். அப்போது வருகிற கூட்டமும் வேறு, வாங்குகிற விதமும் வேறு.