வாஷரிலிருந்து சிப்புக்கு: 300 சிப் போக்கர் பெட்டி, மூன்று மாதம் ஆடிய பிறகு

பெட்டி வந்த அன்றே, போக்கர் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லையான சிப் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11 கிராமுக்கும் 12க்கும் நடுவில் நின்றது. அட்டையில் போட்டிருந்த 11.5 கிராம் பொய்யில்லை. சரக்குக் கப்பல் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். எடையும் அளவும் பார்க்காமல் எந்தப் பொருளையும் உள்ளே எடுக்க மனது வராது.

300 சிப், இரண்டு சீட்டுக்கட்டு, சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட டீலர் என்று எழுதிய வெள்ளை வில்லை ஒன்று, எல்லாவற்றையும் அடக்கும் அலுமினியப் பெட்டி. விலை 3,200 ரூபாய். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை. இந்த ரகம் பல கடைப் பெயர்களில் கிடைக்கிறது.

கப்பலில் எங்களுக்குச் சிப் கிடையாது, போல்ட்டுக்குப் போடும் வாஷர்தான். எம்8 அளவு என்றால் ஒன்று, எம்10 என்றால் ஐந்து, எம்12 என்றால் இருபத்தைந்து. கடல் கொந்தளித்தால் மேஜையில் ஈரத்துணி விரித்து ஆடுவோம். அப்படியும் ஒரு பெரிய உருட்டலில் யாருடைய வாஷர் யாருடையது என்று தெரியாமல் போகும். இந்தச் சிப் 39 மில்லிமீட்டர் அகலம். உள்ளே இரும்புத் தகடு, வெளியே கெட்டி பிளாஸ்டிக். இருபதை அடுக்கினால் ஆடாமல் நிற்கிறது. வெள்ளையும் சிவப்பும் நூறு நூறு, பச்சையும் கறுப்பும் ஐம்பது ஐம்பது. நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 25 வெள்ளை, 25 சிவப்பு, 12 பச்சை, 12 கறுப்பு. நான்கு சிப் மிஞ்சும். ஆறு பேர் என்றால் சில்லறைக்குத் திண்டாட வேண்டும். அவர்கள் 500 சிப் பெட்டி வாங்கட்டும்.

சிப்பில் எண் அச்சிடவில்லை. விமரிசனம் எழுதுகிறவர்கள் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதற்காகவே இதை வாங்கினேன். எதன்மேலும் ரூபாயை நினைவூட்டும் ஒரு எண் இருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது.

2020 ஊரடங்கில் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் வீட்டோடு இருந்தபோது, கைப்பேசியில் ஒரு செயலியில் பணம் கட்டிப் போக்கர் ஆட ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்குள் 1,38,000 ரூபாய் போனது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது தோற்ற இரவு இல்லை, ஜெயித்த இரவு. என்னிடம் ஜோடி ஒன்பது, எதிராளியிடம் ஜோடி ராணி, இருவரும் ஆல் இன், அதாவது கையிலிருந்த அத்தனையையும் வைத்துவிட்டோம். இருவருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டில் நான்கு விரிந்தாயிற்று, ஒன்பது வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத 44 சீட்டில் எனக்கு உதவக்கூடியது இரண்டே இரண்டு. இருபத்திரண்டில் ஒரு பங்கு. “இயேசுவே, ஒரு ஒன்பது” என்று கேட்டேன். ஆட்டீன் ஒன்பது வந்தது. “ஸ்தோத்திரம்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடுத்த அறையிலிருந்து மனைவி ஓடிவந்து, “என்னாச்சு, யாருக்கும் சுகமாயிருச்சா?” என்று கேட்டாள். அவள் அண்ணன் அப்போது கொரோனா வார்டில் இருந்தார். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில், போர்ச்சேவகர் தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப்போட்ட பகுதியை வாசித்தார்கள். சீட்டு விழுந்தவன் கையில் அங்கி இருந்தது. அங்கிக்குச் சொந்தக்காரர் அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். அவன் அண்ணாந்து பார்த்தானா என்பது எழுதப்படவில்லை. வீட்டுக்கு வந்து செயலியை அழித்தேன், மனைவியிடம் கணக்கைச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஆட்டத்தின் மேல் எனக்கு இருந்த ஆசை போகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அது அழகான ஆட்டம். ஜோடி ஏஸ் சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். மற்ற நேரமெல்லாம் இல்லாததை வைத்துப் பொறுமையாக இருக்கப் பழக வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று ஏற்று, தமிழ்நாட்டு இணையச் சூதாட்டச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அத்தனையையும் தடைசெய்தது. எனக்கு அதில் நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் வீட்டில், காசு இல்லாமல், முகம் பார்த்து ஆடலாமா என்று யோசித்து இந்தப் பெட்டியை வாங்கினேன்.

காசில்லாத போக்கரில் ஒரு தொல்லை உண்டு. இழக்க ஒன்றுமில்லை என்றால் யாரும் ஃபோல்ட் செய்யமாட்டார்கள், அதாவது சீட்டைக் கீழே வைத்து விலகமாட்டார்கள்; நல்ல சீட்டு இருப்பதுபோல் மிரட்டும் பிளஃப் எடுபடாது. முதல் இரண்டு சனிக்கிழமை அப்படித்தான் சப்பென்று போனது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒன்பது மணிக்கு ஆட்டம் முடியும், உடனே குடும்ப ஜெபம். அதிகச் சிப் வைத்திருப்பவர் அன்று பாடும் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். என் மச்சினனுக்குப் பிடித்ததெல்லாம் எட்டுச் சரணக் கீர்த்தனை. அவனை ஜெயிக்கவிடக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் யோசித்து ஃபோல்ட் செய்கிறார்கள்.

மச்சினனோடு ஓயாத வாதம் ஒன்றும் உண்டு. “அத்தான், கிருபைங்கறது கைக்கு வர்ற சீட்டு. விசுவாசம்ங்கறது அத நாம ஆடுற விதம்” என்பான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்படியானால் மோசமாக ஆடுகிறவன் இரட்சிப்பை இழந்துவிடுவானே? சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் ஆட என்ன இருந்தது? சிப் இல்லை, சீட்டு இல்லை, இன்னொரு சுற்றுக்கு நேரமும் இல்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அவ்வளவுதான்.

கப்பலில் எனக்கு இருந்தது வேறு மாதிரி விசுவாசம். கடவுள் இருந்தால் நித்திய லாபம், இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை, ஆகவே நம்பிவிடு. பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை பாஸ்கல் பந்தயமாகவே எழுதிவைத்த வாதம் அது. ஸ்பேர் பார்ட்டை அலமாரியில் வைத்திருப்பதுபோல அதை வைத்திருந்தேன். பாஸ்கலின் வாழ்க்கையைப் பின்னால்தான் படித்தேன். 1654இல், பாதியில் நின்ற சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று அவரும் இன்னொரு கணித மேதை ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்; நிகழ்தகவுக் கணிதம் அங்கேதான் உருவெடுத்தது. அதே வருடம் நவம்பர் 23 இரவில் அவர் தேவனைச் சந்தித்தார். அந்த அனுபவத்தை எழுதிய தாள் 1662இல் அவர் இறந்த பிறகு சட்டை உள்துணியில் தைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதில் பந்தயம் இல்லை, கணக்கு இல்லை. நெருப்பும் மகிழ்ச்சிக் கண்ணீரும் இருந்தன. மூன்று மாதத்தில் ஏழெட்டு முறை இதை மச்சினனிடம் சொல்லியிருப்பேன்.

பெட்டியின் குறைகளுக்கு வருகிறேன். உள்ளே வந்த சீட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதம். எங்கள் ஊர் வியர்வைக்கு ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று ஒட்டியது. இஸ்பேட் ராஜாவின் மூலை மடங்கி, பின்பக்கம் பார்த்தே அடையாளம் தெரிந்தது. முழு பிளாஸ்டிக் கட்டு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ஈரத்துணியால் துடைக்கலாம், வளைத்தாலும் நிமிரும். பெட்டியின் இடப்பக்கக் கொக்கி மூன்றாவது வாரமே கழன்றது. நானே ரிவெட் அடித்தேன். மூன்றரைக் கிலோ சிப்பைத் தாங்குகிற கொக்கி அது இல்லை. கைப்பிடியை நம்பித் தூக்காதீர்கள், அடியில் கை கொடுங்கள்.

அம்மாவுக்கு 81 வயது. நான் பள்ளிக்கூடம் போகும்போது ஒளித்துவைத்த சீட்டுக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டவர். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீதிமொழிகளை எடுத்து வாசித்துக் காட்டினேன்: “சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்.” “அந்தச் சீட்டு வேற, இது வேற. வேதத்தத் திருப்பாதல” என்றார். அவர் சொன்னது சரிதான், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முப்பது வருடம் காணிக்கை எண்ணியவர். ஆட்டம் முடிந்து சிப் குவிந்துகிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. போன சனிக்கிழமை தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, பத்துப் பத்தாக அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

“296 இருக்கு. மிச்சம் நாலு எங்கல?”

என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஜெபத்துக்கு வந்தார்.